மழைச் சத்தத்துல போன் கேக்கலையா, லைட்டு எரியட்டும்

எங்க வீடு கோத்தகிரி பக்கம், தகரக் கூரை. வடகிழக்கு பருவமழை பிடிச்சுதுன்னா ராத்திரில பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது, இதுல அப்பாவுக்கு காது வேற மந்தம். 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்களே, அதுலேர்ந்து அப்பாவுக்கு மழை ராத்திரின்னாலே தூக்கம் பாதிதான். போன்ல எச்சரிக்கை வந்தா லைட்டு எரியற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுடான்னார், பண்ணிக் குடுத்தேன்.

அமெரிக்காக்காரன் இதுக்குன்னே வெதர் ரேடியோ வச்சிருக்கான். 162.400லேர்ந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏழு சேனல், ஆபத்துன்னா 1050 ஹெர்ட்ஸ்ல ஒரு விசில் சத்தம் அனுப்புவான், ரேடியோ தானா முழிச்சுக்கும், சில மாடல்ல வெளி லைட்டு மாட்ட பின்னாடி ஓட்டையே இருக்கும். அதை ஆன்லைன்ல பாத்து ஆசைப்பட்டு வாங்கிறாதீங்க, நம்ம ஊர்ல அந்த ஒலிபரப்பு கிடையாது, சும்மா இரைஞ்சுட்டே இருக்கும். நமக்கு இருக்கறது தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட சசேத் ஆப், அப்புறம் டவர்லேர்ந்து நேரா போனுக்கு வர்ற அவசர மெசேஜ். ஸோ பழைய போன் ஒண்ணுதான் நம்ம வெதர் ரேடியோ.

ஐடியா ரொம்ப சிம்பிள். மெசேஜ் வந்தா ஸ்கிரீன் எரியும், ஸ்கிரீன்ல ஒட்டின எல்டிஆர், அதாவது வெளிச்சம் பட்டா கரண்டை அதிகமா விடற ரெசிஸ்டர், அந்த வெளிச்சத்தைப் பாக்கும், அது ஒரு எஸ்சிஆரை, அதாவது மூணு கால் வச்ச எலக்ட்ரானிக் சுவிட்சை, தட்டி விடும். எஸ்சிஆர்ல என்ன அழகுன்னா ஒரு தடவை தட்டிட்டா நாம கரண்டை நிறுத்தற வரைக்கும் ஆன்லயே நிக்கும், போன் ஸ்கிரீன் அரை நிமிஷத்துல அணைஞ்சாலும் லைட்டு அணையாது. முதல்ல எஸ்சிஆருக்குப் பதிலா ரிலே போர்டு (கரண்ட் வந்தா காந்தத்தால ஆன் ஆகற சுவிட்ச்) வச்சுதான் பண்ணேன், ஸ்கிரீனோட சேர்ந்து அதுவும் அணைஞ்சிருச்சு, தூங்கறவருக்கு அது எதுக்கு.

வாங்க வேண்டியது: பிடி169 எஸ்சிஆர், 5 மிமீ எல்டிஆர், 1கே (1000 ஓம்) ரெசிஸ்டர் ரெண்டு, 10கே ப்ரீசெட் (திருப்பி அளவு மாத்தற குட்டி ரெசிஸ்டர்), 104ன்னு எழுதின கெப்பாசிட்டர், 12 வோல்ட் 3 வாட் எல்இடி (ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைல கிடைக்கும்), ரௌட்டருக்கு வைக்கற 12 வோல்ட் மினி யுபிஎஸ், அதுல 5 வோல்ட் யுஎஸ்பி ஓட்டையும் இருக்கறதா பாத்து வாங்குங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். அணைக்கறதுக்கு பிரிட்ஜ் கதவு சுவிட்ச். அமுக்கினா கட் ஆகற சுவிட்ச் தனியா தேடி அலைய வேணாம், இதுவே அதுதான்.

வயரிங். எஸ்சிஆரோட மூணு கால்: கரண்ட் உள்ள வர்ற ஆனோடு, வெளிய போற கேத்தோடு, தட்டி விடற கேட். யுபிஎஸ் பிளஸ்ஸை பிரிட்ஜ் சுவிட்ச் வழியா கொண்டு வாங்க. அங்கேர்ந்து ரெண்டா பிரியும். ஒண்ணு எல்இடிக்கு, எல்இடியோட மைனஸ் எஸ்சிஆர் ஆனோடுக்கு, கேத்தோடு யுபிஎஸ் மைனஸுக்கு. இன்னொண்ணு 1கே, அதுக்குப் பின்னாடி எல்டிஆர், அது முடியறது கேட்ல. கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல ப்ரீசெட், அதுக்கு இணையா 104. அவ்ளோதான். எஸ்சிஆரோட கால் வரிசை மட்டும் கம்பெனிக்கு கம்பெனி மாறும், கடைக்காரர் பிடி169 இல்லன்னு அதே மாதிரி வேற நம்பர் குடுத்தா இன்னும் குழப்பம், எந்தக் கால் எதுன்னு கம்பெனி போடற டேட்டாஷீட் பாக்காம சால்டர் பண்ணாதீங்க. நான் திருப்பி வச்சுட்டு ஒரு சாயங்காலம் பூரா போனைத் திட்டிட்டு இருந்தேன்.

மினுக் மினுக்னு எரியற எல்இடி வாங்கினா ஒரு சிக்கல் வரும். மினுக்கும்போது அணையற நொடில கரண்ட் நின்னுடும், எஸ்சிஆரும் விட்டுடும். பிடி169ஐ பிடிச்சு வைக்க 5 மில்லி ஆம்ப் வரை தேவைப்படலாம், அதனால ரெண்டாவது 1கேயை எல்இடிக்கு இணையா போடுங்க, அது வழியா 11 மில்லி ஆம்ப் ஓடிட்டே இருக்கும். அப்புறம் பெருசா எரியட்டும்னு 21 வாட் ஆட்டோ பல்பை மாட்டிறாதீங்க, எஸ்சிஆர் தாங்காது.

இப்ப போன். ஆட்டோ பிரைட்னஸ் ஆஃப், வெளிச்சம் புல், டார்க் மோட் ஆஃப், வால்பேப்பர் வெறும் வெள்ளை, அப்பதான் எல்டிஆருக்கு வெளிச்சம் போதும். செட்டிங்ஸ்ல அவசர எச்சரிக்கை ஆன்ல இருக்கான்னு பாருங்க. சசேத் தவிர மத்த எல்லா ஆப்போட நோட்டிபிகேஷனையும் அடைச்சிருங்க, அந்த சிம் நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க, ரீசார்ஜ் பண்ணச் சொல்லி வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கெல்லாம் அப்பா எழுந்து உக்காரக் கூடாதில்ல. எல்டிஆரை ஒரு பேனா மூடிக்குள்ள விட்டு கருப்பு டேப்பால ஸ்கிரீன்ல ஒட்டிடுங்க. போனை பெட்டில போட்டு மூடாதீங்க, சார்ஜ்ல இருக்கற பழைய பேட்டரி, சூடாகும். முதுகு உப்பின போன்னா வேணவே வேணாம்.

யுஎஸ்பி கதை இதுதான். முதல் வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு எரிஞ்சு அப்பா டார்ச்சோட வாசல்ல நிக்கறார், பாத்தா மெசேஜே இல்ல. கரண்டு போய் வந்திருக்கு, சார்ஜர் திரும்ப உயிர் வந்ததும் போன் ஸ்கிரீன் தானா எரிஞ்சிருக்கு. மலைல மழைன்னா கரண்டு பத்து தடவை போய் வரும். இப்படி ரெண்டு தடவை ஏமாந்தா மூணாவது தடவை யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, நம்ம வேலை மொத்தமும் வேஸ்ட். அதனாலதான் போனுக்கும் அதே யுபிஎஸ்லேர்ந்தே சார்ஜ்.

ப்ரீசெட்டை ரூம்ல டியூப் லைட் எரியும்போது திருப்புங்க. டியூப் லைட்டுக்கு அசையக் கூடாது, போனோட பவர் பட்டனை அமுக்கி ஸ்கிரீனை எழுப்பினா உடனே எரியணும். அணைக்கறப்ப முதல்ல மெசேஜைப் படிச்சு ஸ்கிரீனை அணைச்சுட்டு சுவிட்சை அமுக்கணும், ஸ்கிரீன் எரியும்போது அமுக்கினா கை எடுத்ததும் திரும்ப எரியும். பனிமூட்டத்துல ஈரம் ஏறி கால்களுக்கு நடுவுல கசியும், சால்டர் பண்ண பக்கம் நெயில் பாலிஷ் பூசிட்டேன், தங்கச்சியோடது, இன்னும் அவளுக்குத் தெரியாது.

டவர் செத்துட்டா இது வெறும் பொம்மை, அதை அப்பாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். ஓடைத் தண்ணி திடீர்னு செம்மண்ணா வந்தாலோ மேட்டுல புதுசா வெடிப்பு விட்டாலோ லைட்டுக்குக் காத்திருக்காம கிளம்பணும். லைட்டுக்குக் கீழ 1077, 1070ன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், முதல் நம்பர் மாவட்டத்துக்கு, ரெண்டாவது மாநிலத்துக்கு. ஞாயித்துக்கிழமை காலைல டீ குடிச்சதும் அப்பாவே பவர் பட்டனை அமுக்கிப் பாத்துக்கறார், எரிஞ்சா ஒரு தலையாட்டல், எரியலைன்னா எனக்கு போன்.