இறப்பர் அடிமட்டமும் லைகோவும்: காலவெளி நடுக்கத்தை விளங்குவதில் விடும் பிழைகள்

உயர்தர வகுப்பில் ஒளித் தலையீடு படிப்பிக்கிற அன்று மேசையில் ஒரு பரிசோதனை வைப்பேன். சிவப்பு லேசர், ஒளியில் அரைவாசியைத் தெறிக்கவிடும் கண்ணாடித் துண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு தள ஆடிகள். பிரிந்துபோன இரண்டு கற்றையும் திரும்பிவந்து சேரும்போது சுவரில் சிவப்பும் கறுப்புமாய்க் கோடுகள் விழும். காங்கேசன்துறை வீதியால் ஒரு லொறி போனால் கோடுகள் கூத்தாடும். ஆடி 0.16 மைக்ரோமீற்றர் அசைந்தாலே கறுப்பு இருந்த இடம் சிவப்பாகிவிடும்.

காலவெளியை நீட்டிக் குறுக்கிக்கொண்டு வரும் ஈர்ப்பலையைப் பிடிக்க அமெரிக்காவில் கட்டிய லைகோவும் இந்த மேசைதான், 4 கிலோமீற்றர் கைகளோடு (கை என்பது கற்றை போய்வரும் பாதை). யாழ் பஸ் நிலையத்தில் தொடங்கினால் நல்லூரையும் தாண்டும் நீளம்.

ஒரு வருடம் பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "சேர், வெளி நீண்டால் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து நீளும்தானே? இறப்பர் அடிமட்டத்தால் இறப்பரை அளந்து என்ன காணலாம்?" எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுகிற பிழை இது. ஒளியை அடிமட்டமாக நினைப்பதில்தான் சிக்கல். கைக்குள் ஏற்கெனவே நின்ற ஒளி நீண்டால் நீளட்டும். லேசரில் இருந்து புது ஒளி வந்துகொண்டே இருக்கிறது, அதன் வேகமும் மாறாது. நீண்ட கைக்குள் போனது பிந்தி வரும், குறுகிய கைக்குள் போனது முந்தி வரும். அந்த முந்தல் பிந்தல்தான் எங்களுக்கு வேண்டியது.

முதல் ஈர்ப்பலை பிடிபட்ட 2015 செப்டெம்பர் 14 அன்று கைகளின் நீளத்தில் வந்த வித்தியாசம், புரோத்தன் விட்டத்தின் சில நூறில் ஒரு பங்கு. 1064 நானோமீற்றர் அலைநீள ஒளியால் இவ்வளவு சிறியதை அளக்க முடியுமா என்பார்கள். கோடுகளை எண்ணினால் முடியாது. அங்கே பார்ப்பது வெளிச்சம் கூடிக் குறைவதை; போட்டோன்கள், அதாவது ஒளித்துணிக்கைகள், கூடக்கூட அளவீடு நுணுகும். சரி, லொறி? லைகோவின் இரண்டு நிலையங்களான ஹான்போர்டும் லிவிங்ஸ்டனும் ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. அன்று இரண்டிலும் ஒரே வடிவ அலை, சுமார் 7 மில்லிசெக்கன் இடைவெளியில் வந்தது. எந்த லொறியாலும் அது ஏலாது. (அந்த அலையை ஒலியாக்கி வானொலியில் போட்ட "கீச்" சத்தத்தைக் கருந்துளையின் குரல் என்று நம்பவேண்டாம். அலையின் மீடிறன் எங்கள் காது கேட்கும் எல்லைக்குள் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட முடிந்தது, அவ்வளவுதான்.)

பத்திரிகைகள் அடிக்கடி போட்டுக் குழப்புவது வேறொன்று. ஈர்ப்பலை எங்கோ கருந்துளைகள் மோதியதால் வருவது. காலவெளி தானாகவே, சொட்டிலும் சொட்டாய் நடுங்குகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கென அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வுகூடத்தில் ஹொலோமீற்றர் கட்டினார்கள்: 40 மீற்றர் அளவுக் கைகளோடு இரண்டு கருவிகள். லைகோவைப்போல் தள்ளி வைக்காமல் அருகருகே வைத்தார்கள், ஏனென்றால் தேடிய நடுக்கம் பக்கத்து இடங்களை ஒன்றாகவே ஆட்டவேண்டும். பார்த்ததும் மெகாஹேர்ட்ஸ் மீடிறனில். லொறி அவ்வளவு வேகமாக நிலத்தை ஆட்டாது. 2015இல், பௌதிகவியலாளர் கிரெய்க் ஹோகனின் கருதுகோள் சொன்ன அந்த வகை நடுக்கம் இல்லையென்று அறிவித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தன் உடனே "அப்ப ஃபெயில்" என்றான். அவனுக்கு வேலை ஒன்று கொடுத்தேன்: லொறி போகாத இரவு ஒன்றில் வந்து, கோடுகள் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கின்றன என்று எழுதிவை என்று.