கான்கூன், துலும் பயணத்தில் பலர் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மெக்சிகோவின் கான்கூன் நீண்ட வார இறுதிக்குத் தோதான ஊர். கரீபியன் கடல், வெள்ளை மணல், காரில் போகிற தூரத்தில் மாயன் என்ற பழங்குடி மக்கள் கட்டிய நகரங்களின் இடிபாடுகள், போகிற வழியெல்லாம் ஆமை, இகுவானா என்ற பெரிய பல்லி, குரங்கு. இத்தனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே, ஒரே நாளில் நாலு இடம் காட்டும் பஸ் டூருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து முளைப்பவை. அரை மணி நேரம் மட்டும் கையில் இருப்பவர் ஆமையைத் துரத்துகிறார். அரை நாள் இருப்பவர் சும்மா மிதந்தாலே ஆமை பக்கத்தில் வந்து மேய்கிறது.

தூரத்தைப் பாருங்கள். மாயன் இடிபாடுகளில் துலும் கான்கூனிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர். சிச்சென் இட்சா மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் பார்த்த நேரத்தைவிட பஸ்ஸில் தூங்கிய நேரமே அதிகமாக இருக்கும். இரண்டு இடங்களும் காலை 8 மணிக்குத் திறக்கின்றன. டூர் பஸ்கள் வந்து குவிவது முற்பகலில். துலுமில் அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க நிழல் கிடையாது. கடலோரப் பாறை மேட்டில், மூன்று பக்கம் மதில் சூழ்ந்த வெட்டவெளி அது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் குழந்தைகளோடு போனால் கோயிலைப் பார்ப்பதா, பிள்ளையைச் சமாதானப்படுத்துவதா என்றாகிவிடும். சிச்சென் இட்சாவுக்கு முந்தைய நாளே போய் வல்லாதோலித் என்ற பழைய ஊரில் தங்குவது நல்ல ஏற்பாடு. அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான்.

கடிகாரத்தையும் பலர் கவனிப்பதில்லை. கான்கூன், துலும் இரண்டும் கின்டானா ரூ மாநிலத்தில் இருக்கின்றன. சிச்சென் இட்சா பக்கத்து மாநிலமான யுகடானில். 2015இல் கின்டானா ரூ தன் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது, அதனால் யுகடானைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி முந்தி ஓடும். போகும்போது இது லாபம்: காலை 6 மணிக்குக் கான்கூனில் கிளம்பினால் கதவு திறக்கும் முன்பே போய் நிற்கலாம். திரும்பும்போது அதே ஒரு மணி பறிபோகும். மாலை 4 மணி என்று நிதானமாகக் கிளம்புகிறீர்கள். கான்கூனில் அப்போது 5. அன்று இரவே விமானம் இருந்தால் கஷ்டம்தான். சிச்சென் இட்சாவில் மாநில அரசுக்கு ஒரு கட்டணம், மத்தியத் தொல்லியல் துறைக்கு ஒரு கட்டணம் என்று இரண்டு உண்டு. ஒன்றைக் கட்டிவிட்டு வரிசையில் நின்று திரும்பி வருகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். ட்ரோனை அறையிலேயே விட்டுவிடுங்கள். தொல்லியல் தலங்களில் சும்மா பறக்க விட முடியாது. அங்குள்ள குக்குல்கான் பிரமிடில் ஏறிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம், ஏற விடுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

இடிபாடுகளுக்கு நடுவே நின்று “மாயன்கள் எப்படி மறைந்தார்கள்?” என்று வழிகாட்டியைக் கேட்பது ரொம்ப சகஜம். கேட்கப்படுகிறவரே மாயராக இருக்க வாய்ப்பு அதிகம். யுகடெக் மாய மொழியை இன்றும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். நகரங்கள் கைவிடப்பட்டன, மக்கள் எங்கேயும் போகவில்லை. துலுமே 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு செழித்த துறைமுகம். 1518இல் ஸ்பானியர்கள் கப்பலிலிருந்து பார்த்தபோது இந்தக் கரையில் ஆட்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

துலுமிலிருந்து கான்கூன் பக்கம் திரும்பும் வழியில் அக்குமால் விரிகுடா. கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்திலேயே பேராமைகள் கடற்புல் மேயும். ஆமை முன்துடுப்புகளை மணலில் ஊன்றிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் புல்லைக் கத்தரிக்கும். ஓட்டின் மேல் ஒட்டுமீன் ஒன்று சவாரி செய்யும். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்ததென்றால் மூச்சுக்கு வரப்போகிறது என்று அர்த்தம். மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதற்குக் காற்று வேண்டும். அந்த நேரம் பார்த்து அதன் தலைக்கு நேர் மேலே பத்துப் பேர் கேமராவோடு மிதந்தால், பாவம், பாதியில் திரும்பிவிடும். மேயவும் விடாமல், மூச்சு விடவும் விடாமல் செய்கிற வேலை இது. எனவே மேலே நிற்காமல் பக்கவாட்டில், சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஓட்டைத் தொடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புல்லின் மேல் கால் ஊன்றி நிற்பதும் கூடாது, அது அதன் சாப்பாடு. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால்தான் 2016இல் அரசு இந்த விரிகுடாவைக் காப்பிடமாக அறிவித்தது. மிதவை உடை, அனுமதி பெற்ற வழிகாட்டி, சிறு குழு என்ற கெடுபிடிகளைப் பணம் பறிக்கும் தந்திரம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு தவறு செய்கிறவர்களே அதிகம். ‘பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதிய டப்பாவை வாங்கி, அதை அப்பிக்கொண்டு செனோட்டேயில் குதிப்பார்கள். செனோட்டே என்பது சுண்ணாம்புக்கல் கூரை இடிந்து நிலத்தடி நீர் வெளியே தெரியும் பள்ளம். யுகடான் தீபகற்பத்தின் வடக்கே தரைமேல் ஆறு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. குடிநீரும் இந்த நிலத்தடி நீர்தான். பூமிக்கடியில் குகைக்குக் குகை தொடர்பும் உண்டு, சாக் ஆக்துன் குகைத் தொடர் மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல். அதனால் பல செனோட்டேக்களில் எந்த க்ரீமும் கூடாது, இறங்கும் முன் குளித்தே ஆக வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கரையில் அதிகம் ஏமாற்றுவது கோவாட்டி என்ற சிறு காட்டு விலங்கு. நீண்ட மூக்கும் தூக்கிய வாலுமாகக் கூட்டமாக வந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் பையையே இழுத்துக்கொண்டு போகும். குழந்தை கையால் ஊட்டினால் வீடியோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். கடித்தால் விடுமுறை ஆஸ்பத்திரியில் கழியும். நாய்களால் மனிதருக்குப் பரவும் ரேபிஸை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் மெக்சிகோவை அங்கீகரித்தது உண்மை. காட்டு விலங்குக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. துலும் சுவர்களில் வெயில் காயும் இகுவானாவை நம் ஊர் உடும்பு என்று நினைத்து வாலைப் பிடிக்கப் போகிறவர்கள், அந்த வால் முள் முள்ளாக இருப்பதையும் சாட்டை போல் வீசுவதையும் கவனிக்க வேண்டும். கடைத்தெருவில் கிளியையும் குரங்குக் குட்டியையும் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்பவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

கான்கூன் ஹோட்டல் பகுதி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நிச்சுப்தே காயலுமாக இருக்கும் ஒடுக்கமான மணல்திட்டு. காயலில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக நினைத்து, இருட்டிய பிறகு அந்தக் கரையில் காலை நனைக்க வேண்டாம்.

மழை பெய்தால் கண்ட மரத்தடியில் ஒதுங்குவதும் தவறு. காட்டுப் பாதைகளில் செச்சென் என்று ஒரு மரம், பட்டையில் கறுத்த திட்டுகள் இருக்கும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய ஏமாற்றம். சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி, பெரும்பாலான வருடங்களில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கரையை மூடி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. விளம்பரப் படத்தில் அது இருக்காது. ஆனால் ஆமைகள் கரையேறி முட்டையிடுவது மே முதல் அக்டோபர் வரை, திமிங்கலச் சுறாவைக் கடலில் பார்க்க முடிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. புயல் காலமும் அதுவே. நீலக் கடல்தான் வேண்டும் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூலையில் போகலாம். பாசி குறைவாக ஒதுங்கும் கோசுமெல் தீவின் மேற்குக் கரையிலோ, இஸ்லா முஹேரெஸ் தீவின் வடக்குக் கரையிலோ அறை எடுத்து, அதையும் ரத்து செய்ய வசதியுள்ள கட்டணத்திலேயே போடுங்கள்.