மலை வீட்டில் கேஸ் கீசர் எரியவில்லையா? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கேஸ் கீசர் எரியவில்லை என்றதும் எல்லோர் கையும் முதலில் சிலிண்டர் பக்கம்தான் போகிறது. ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவார்கள், டியூபை இழுத்துப் பார்ப்பார்கள், சிலிண்டரைத் தூக்கி ஆட்டுவார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. முதலில் தண்ணீர், அடுத்து பேட்டரி, கடைசியாகத்தான் கேஸ். மலையில் கோளாறு அதிகம் வருவது இந்த வரிசையில்தான். புதிதாகப் பழகுகிறவர் பயமில்லாமல் தொடக்கூடிய வரிசையும் இதுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

கேஸ் வாடை வருகிறதா என்று பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும். அதனால் குனிந்து, சிலிண்டரின் அடிப்பக்கம் முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் கீசர் வேலை அன்றைக்கு இல்லை. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், எந்த மின் ஸ்விட்ச்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது.

அடுத்தது, கீசர் எங்கே மாட்டியிருக்கிறது? குளியலறைக்குள் என்றால் பழுது பார்ப்பதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். இதை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். குளிருக்குப் பயந்து நாம் குளியலறை ஜன்னலை இறுக்கி மூடுகிறோம், வென்டிலேட்டரில் அட்டையை வைத்து அடைக்கிறோம். உள்ளே எரியும் கீசர் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். குளிக்கிறவர் சுதாரிப்பதற்குள் மயங்கி விழுந்துவிடலாம். காற்று தாராளமாக ஓடும் வெளிச்சுவரில், மழை படாத இடத்தில் கீசர் இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கீசருக்குள் ஓடி, ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை, அதாவது வளைந்து கொடுக்கும் மெல்லிய ரப்பர் தகட்டை, தள்ளும். அது ஒரு சின்ன ஸ்விட்ச்சை அழுத்தும். உடனே பேட்டரி வேலை செய்து 'டிக் டிக்' என்று பொறி வரும், கேஸ் வால்வும் திறக்கும். தீ பிடித்த பிறகு பக்கத்திலுள்ள சென்சார் கம்பி அந்தத் தீயை உணர்ந்தால்தான் வால்வு தொடர்ந்து திறந்திருக்கும். ஆகவே எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். டிக் டிக் வரவே இல்லையென்றால் தண்ணீர் அல்லது பேட்டரி. சத்தம் வந்தும் தீ இல்லையென்றால் பெரும்பாலும் கேஸ். தீ வந்து சில நொடியில் அணைந்தால் சென்சார்.

சத்தமே இல்லை: தண்ணீர்

வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சின்ன கீசர்கள் பற்றிக்கொள்ள நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை, மூன்று லிட்டராவது ஓட வேண்டும். பக்கெட் நிரம்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆனால் டயாஃப்ரம் அசைய அழுத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அழுத்தம் குறைய இங்கே காரணங்கள் நிறைய. ஊற்றுத் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ டேங்கில் ஏற்றும் வீடுகளில், நல்ல மழைக்குப் பிறகு செம்மண் இறங்கிவிடும். கீசருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, நட்டைக் கழற்றி, அந்தச் சல்லடையை எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். வாஷரை மறக்காமல் திரும்பப் போடுங்கள். அடுத்து ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். ஷவர் துளைகள் அடைத்திருந்தாலும் இதே கோளாறுதான். டேங்க் உயரமும் முக்கியம். டேங்க் பத்து மீட்டர் உயரம் ஏறினால்தான் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். குளியலறைக் கூரை மேலேயே டேங்க் உட்கார்ந்திருந்தால் அதில் கால்வாசி கிடைப்பதே பெரிது. சரிவில் கட்டிய வீடானால் மேல்தட்டில் டேங்கை வைக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். அல்லது குறைந்த அழுத்தத்திலேயே எரியும் மாடலைத் தேடி வாங்கலாம்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொன்று சேரும். தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் உறைபனி விழும் காலைகளில், வெளிச்சுவரில் ஓடும் பைப்பிலேயே தண்ணீர் உறைந்து நிற்கலாம். வெயில் ஏறும் வரை காத்திருங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். தீப்பந்தம், ஸ்டவ் எதையும் பைப் அருகில் கொண்டுபோக வேண்டாம். உறையும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும், கீசருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் குழாயை அது பிளந்துவிடும். அதனால் பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், தண்ணீர் வால்வை மூடி, கீசரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுப் போங்கள். வெந்நீர்க் குழாயையும் திறந்து வைத்தால்தான் முழுதாக வடியும்.

அப்புறம் பேட்டரி

தண்ணீர் நன்றாக ஓடியும் சத்தம் இல்லை, அல்லது டிக்... டிக்... என்று சோம்பலாக வருகிறது. பெரும்பாலான கீசர்களில் பெரிய டார்ச் செல் இரண்டு இருக்கும். மதியம் வேலை செய்த செல் விடியற்காலையில் படுத்துவிட்டால் வியப்பில்லை, குளிரில் அதன் சக்தி குறையும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஆல்கலைன் செல்லாகப் பார்த்து வாங்குங்கள். இந்த மலைக்கு அந்தக் கூடுதல் விலை தகும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் இது அடிக்கடி வரும்.

சத்தம் வருகிறது, தீ வரவில்லை

இனி கேஸ். புதுச் சிலிண்டர் மாட்டியிருந்தால் டியூபில் காற்று இருக்கும். இரண்டு மூன்று முறை குழாயைத் திறந்து மூடினால் சரியாகிவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். எரியாமல் தேங்கிய கேஸ் ஒன்றாகப் பற்றினால் 'டப்' என்று வெடிக்கும்.

'அடுப்பு நன்றாக எரிகிறதே, கீசர் மட்டும் ஏன் எரியவில்லை?' என்று பலர் கேட்பார்கள். அடுப்பின் ஒரு பர்னரைவிடக் கீசர் நாலைந்து மடங்கு கேஸை இழுக்கும். நம் வீட்டு எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து டிகிரிக் குளிரில் வெளியே நிற்கும் சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அதன் அடிப்பகுதி வியர்த்து, சில சமயம் பனியே பூத்துவிடும். அழுத்தம் விழும், கீசர் திணறும். புரொப்பேன் முதலில் தீர்ந்துபோவதால், சிலிண்டரில் கால்வாசி மிஞ்சும்போது இந்தத் தொல்லை இன்னும் கூடும். காலியாகிவிட்டது என்று நினைத்து மாற்றிய சிலிண்டர், மதியம் அடுப்பில் மாட்டினால் எரிவது இதனால்தான்.

சிலிண்டர் காலை வெயில் விழும், காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்கட்டும். ஒருவர் குளித்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தவர் குளிக்கட்டும். குறைந்த சிலிண்டரை அடுப்புக்கும் நிறைந்ததைக் கீசருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைப் படுக்க வைப்பது, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, பக்கத்தில் கரி அடுப்பு வைப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து வேண்டாம்.

டியூபையும் பாருங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது.

எரிந்து அணைகிறது, அல்லது சூடு போதவில்லை

சில நொடியில் அணைந்தால் சென்சார் கம்பியில் கரி படிந்திருக்கும். முன்மூடியைக் கழற்றும் வேலை இது, மெக்கானிக்கிடம் விடுங்கள். வெகுநேரம் எரிந்துவிட்டு அணைந்தால் பயம் வேண்டாம். பல மாடல்கள் 20 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். குழாயை மூடித் திறந்தால் மறுபடி எரியும்.

சூடு போதவில்லை என்பது பெரும்பாலும் கணக்குதான். '6 லிட்டர்' கீசர் என்றால் பொதுவாக நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றும். கோவையில் 27 டிகிரியில் வரும் தண்ணீரை 40-க்கு ஏற்ற 13 டிகிரி போதும். ஊட்டியில் பனிக்காலத் தண்ணீர் 8 டிகிரி என்றால் 32 டிகிரி ஏற்ற வேண்டும். அதே தீ அப்போது நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் தரும். கேஸ் நாபை முழுதாகவும், கோடை–குளிர் நாபைக் குளிர் பக்கமும் வைத்துவிட்டு, தண்ணீர் நாபைக் கொஞ்சம் குறையுங்கள்.

தீயின் நிறம் மஞ்சளாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. சமவெளிக்கு ஏற்ப அமைத்த பர்னர் இங்கே சரியாக எரியாமல் கரி கக்கலாம், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். பர்னருக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தாலும் மஞ்சள் தீதான். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது 'கீசர் ரிப்பேர்' என்று மட்டும் சொல்லாமல், சத்தம் வருகிறதா, எத்தனை நொடியில் அணைகிறது, தீ என்ன நிறம், பக்கெட் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று நாலையும் சொல்லுங்கள். தேவையான பொருளை எடுத்துக்கொண்டு ஒரே நடையில் வந்து முடித்துவிடுவார்.