வாசனை ‘கமிங்’ ஆகாது

கேஸ் வாசனை வருகிறது என்பதை அவசரத்தில் ஆங்கிலத்தில் சொல்லப் போனால், ‘கேஸ் ஸ்மெல் இஸ் கமிங்’ என்றுதான் நம் வாயில் வரும். அது தமிழுக்கு மாட்டிவிட்ட ஆங்கிலச் சட்டை. ‘ஐ கேன் ஸ்மெல் கேஸ்’ என்றால் போதும்.

கண், காது, மூக்குக்குத் தானாக எட்டுவதைச் சொல்லும்போது ஸீ, ஹியர், ஸ்மெல்லோடு பொதுவாக ‘இங்’ சேராது; ‘கேன்’ சேர்ப்பதே வழக்கம். போனில் குரல் விட்டுவிட்டு வந்தால் ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’ வேண்டாம், ‘ஐ கான்ட் ஹியர் யூ’ சரி.

நாமாக முனைந்து செய்வதற்கு ‘இங்’ தாராளமாக வரும்: லிசனிங், வாட்சிங். டேஸ்ட் மாதிரி சில சொற்கள் இரட்டை வேஷம் போடும். ‘ஷி இஸ் டேஸ்டிங் தி சூப்’ என்றால் ருசி பார்க்கிறாள். ‘தி சூப் டேஸ்ட்ஸ் சால்ட்டி’ என்றால் சூப் உப்புக் கரிக்கிறது. இங்கே ‘இஸ் டேஸ்டிங்’ பொருந்தாது.

அப்புறம், சூப் மணந்தால் ‘இட் ஸ்மெல்ஸ் குட்’, ‘வெல்’ அல்ல. மல்லிகை மாதிரி மணந்தால் நடுவே ஒரு ‘லைக்’ வேண்டும்: ‘இட் ஸ்மெல்ஸ் லைக் ஜாஸ்மின்’.

‘ஐ ஆம் ஸீயிங் எ டாக்டர்’ சரிதானே என்று கேட்பீர்கள். சரிதான், அங்கே ‘ஸீயிங்’ என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை, டாக்டரிடம் போய்க் காட்டுவது.