கோலத்தில் கணக்கு, செம்பருத்தியில் அறிவியல்: தொடக்கப்பள்ளி வகுப்பில் கலையைப் பயன்படுத்தும் முறை

பள்ளிக் கால அட்டவணையில் ஓவியத்திற்கென ஒரு பாடவேளை இருந்தாலும், தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது அதுதான். கலைகளைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று, பள்ளிப் பாடங்கள் அனைத்துக்கும் வழிகாட்டும் ஆவணமான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. ஆயினும், வரைவதைப் படிப்புக்கு இடையிலான ஓய்வாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வரையும்போதுதான் குழந்தை ஒரு பொருளை முழுமையாகப் பார்க்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே தனிப் பாடவேளைக்குக் காத்திராமல், கணக்கு, அறிவியல் பாடவேளைகளுக்குள்ளேயே அதைச் செய்யும் இரு வழிகளை இங்கே விளக்குகிறேன். இவை மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கானவை. ஆசிரியருக்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பொருள்களுக்குப் பெரிய செலவு இல்லை. வெள்ளைச் சாக்பீஸ், செங்கல் துண்டு, அடுப்புக்கரி, முந்தைய ஆண்டின் மாதக் காலண்டர் தாள்கள், ஒரு கூடைச் செம்பருத்திப் பூக்கள் ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் கணக்கு. வகுப்பறைத் தரையையோ வராந்தாவையோ பெருக்கிவிட்டு, நால்வர் கொண்ட குழுக்களாகப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். வீட்டில் 'ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி' என்று சொல்வார்களே, அந்தக் கோலத்தின் புள்ளிகளை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என அமையும். மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பார்கள். அதை ஏற்றுக்கொண்டு, எண்ணாமல் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

இப்போது செங்கல் துண்டைக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளும் மேல்கீழ்ப் புள்ளிகளும் ஒரே நிறத்தில் வராதபடி, ஓரப் புள்ளிகளிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பாக்கச் சொல்லுங்கள். முடித்தபின், நேராக நின்று பார்க்காமல் சாய்வாக நின்று பார்க்க வேண்டும். சிவப்புப் புள்ளிகள் நான்கு நான்காக நான்கு வரிசையிலும், வெள்ளைப் புள்ளிகள் அவற்றின் இடையே மூன்று மூன்றாக மூன்று வரிசையிலும் நிற்பது தெரியும். 16-ம் 9-ம் சேர்ந்து 25. அதே கோலத்தை மேலிருந்து பாதிவரை கூட்டினால் 1+3+5+7=16, மீதி 5+3+1=9. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் சதுர எண் கிடைக்கும் என்பதை ஒரு சூத்திரமும் எழுதாமல் பிள்ளைகள் தரையில் கண்டுவிடுகிறார்கள். ஐந்து புள்ளிக் கோலத்தில் 13 வருவதையும் அதே முறையில் அவர்களே பிரித்துப் பார்க்கட்டும்.

அடுத்த நாள் 'ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி' வையுங்கள், அதாவது ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளிகளுக்கு நேராக வர வேண்டும். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிகள் வரும், வடிவமும் ஆறு பக்கம் கொண்டதாகிவிடும். இரண்டிலும் நடுவரிசை ஏழுதான் என்றால் மொத்தம் ஏன் மாறுகிறது என்ற கேள்வியைப் போட்டுவிட்டு, விடையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சமச்சீரைக் கற்பிக்கச் சிக்குக்கோலம் மிகவும் ஏற்றது. ஒரு குழுவில் உள்ள நால்வரும் ஆளுக்குக் கால்பகுதி வரைந்து, கோடு எங்கும் அறுபடாமல் இணைக்க முயன்றாலே, திருப்புதல் என்றால் என்னவென்று புரிந்துவிடும்.

கோலம் பெண் பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கும் பையன்களையும் கட்டாயம் உட்கார வையுங்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைக் கணினியியலுக்குரிய இலக்கண விதிகளாக வகுத்தார்கள் என்பதை அவர்களிடம் சொல்லலாம். வகுப்புக்கு ஒரு தாயையோ பாட்டியையோ அழைத்துச் சிக்குக்கோலம் போட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. தன் வீட்டு வாசலில் நடப்பது பள்ளிப் பாடமும்கூட என்று அறியும் குழந்தையின் முகத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

அறிவியலுக்குச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஒற்றை அடுக்குப் பூவே வேண்டும். பூவைக் காட்டாமல், நினைவிலிருந்து ஒரு செம்பருத்தியை வரையச் சொல்லிப் பத்து நிமிடம் கொடுங்கள். அநேகமாக எல்லாத் தாள்களிலும் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் உருண்டை இதழ்களும் இருக்கும். அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் தாள்களை வாங்கி வைத்துவிட்டு, இருவருக்கு ஒரு பூ வீதம் கையில் கொடுத்து மீண்டும் வரையச் செய்யுங்கள். இதழ்கள் எத்தனை, அவை ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் படிந்துள்ளன, நடுத்தண்டின் நுனியில் என்ன இருக்கிறது, பச்சைக் கிண்ணத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள்.

தண்டின் நுனி ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ் இருப்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். அந்தக் கணத்திற்குப் பிறகுதான் சூலகமுடி (நுனிக் குமிழ்), மகரந்தத்தாள் (மகரந்தத்தூளைத் தாங்கும் இழை), புல்லி வட்டம் (பச்சைக் கிண்ணம்) என்ற பெயர்களைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் கொடுத்தால் அவர்கள் பெயரைத்தான் மனப்பாடம் செய்வார்கள், பூவைப் பார்க்க மாட்டார்கள்.

இனி, ஆசிரியர் செய்யக்கூடாதவை. மாதிரிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து அதைப் போலவே வரையச் சொல்லக்கூடாது. நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய புதிதில் அப்படித்தான் செய்தேன். நாற்பது தாள்களிலும் என்னுடைய பூவே, என் பிழையோடு, திரும்பி வந்தது. ஆறு, ஏழு வயதுக் குழந்தை வீட்டைவிட அம்மாவைப் பெரிதாக வரைந்தாலோ, பேருந்தின் உள்ளே இருப்பவர்களின் கால்கள் வெளியே தெரியும்படி வரைந்தாலோ அதைத் திருத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்குத் தெரிந்ததையும் முக்கியமானதையும் அந்த வயதில் அது வரைகிறது. ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறும். படம் நிஜம்போல வரவில்லையே என்று குழந்தையே தாளைக் கசக்கி, "எனக்கு வரைய வராது" என்று சொல்லத் தொடங்கும் பருவம் அது. அப்போது பொதுவான பாராட்டு உதவாது. "இந்த இதழின் ஓரச் சுருக்கத்தை நீ கவனித்திருக்கிறாய்" என்று குறிப்பாகச் சொன்னால்தான் அது நம்பும். இந்தப் படங்களுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

நேரம் போதாது என்ற கவலை நியாயமானதே. வாரத்தில் ஒரு கணக்குப் பாடவேளையையும் ஒரு அறிவியல் பாடவேளையையும் இப்படி நடத்தினால் போதும். நினைவிலிருந்து வரைந்த படத்தையும் பார்த்து வரைந்த படத்தையும் ஒரே காலண்டர் தாளின் பின்புறத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, தேதியிட்டு வையுங்கள். பெற்றோர் வரும் நாளில் மதிப்பெண் அட்டைக்கு முன்பாக இந்தத் தாளை அவர்கள் கையில் கொடுத்து, இரண்டுக்கும் இடையே என்ன மாறியது என்பதை அந்தக் குழந்தையையே விளக்கச் சொல்லுங்கள்.