வார்னிங்கை அடக்க பூஜ்ஜியம் போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடியில் சில பொறியியல் மாணவர்களுக்கு சி மொழியில் நெட்வொர்க் டெஸ்ட் எழுதச் சொல்லித் தருகிறேன். வருகிற ஒவ்வொரு பேட்சும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறது. செமிகோலன் சமாச்சாரங்களை விடுங்கள், அதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும்.

ரிசல்ட் = 0

வேரியபிளுக்கு மதிப்பு வராமலே போகலாம் என்று ஜிசிசி கம்பைலர் வார்னிங் சொன்னதும், முதல் வரியிலேயே ஒரு 0 போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான், ஏனென்றால் டெஸ்ட்டில் 0 என்றால் பாஸ். காசிமேட்டிலிருந்து வரும் தம்பி ஒருவன் எழுதிய கோடு, மெஷினில் உள்ள ஐபிவி6 முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாக்கெட் திறந்து, பாக்கெட் அனுப்பி, பதிலைச் சரிபார்க்கும் லூப். ரிசல்ட்டுக்கு மதிப்பு கிடைப்பது அந்த லூப்புக்குள் மட்டும்தான். "வார்னிங் போயிடுச்சுண்ணா, டெஸ்ட்டும் பாஸ்" என்று காட்டினான். அவன் லேப்டாப்பில் ஐபிவி6 அணைத்து வைத்திருந்தது. லூப் ஒருமுறைகூட ஓடவில்லை, ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை, ஆனாலும் பாஸ்! லூப் ஓடாவிட்டால் என்ன விடை சொல்வாய் என்றுதான் கம்பைலர் கேட்டது. லினக்ஸ் கெர்னலோடு வரும் டெஸ்ட்களான செல்ஃப்டெஸ்ட்களில் இதற்கென்றே 4 இருக்கிறது, அதைத் திருப்பினால் 'ஸ்கிப்', அதாவது டெஸ்ட் ஓடவில்லை, என்று அர்த்தம். அங்கே அதைப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, 0 போட்டுவிட்டால், மதிப்பு வைக்காத வேரியபிளைப் பயன்படுத்தினால் ஓடும்போது பிடித்துச் சொல்லும் வால்கிரைண்ட் டூலும் வாய் திறக்காது, பிழையைப் பிடிக்க இருந்த கடைசி வழியும் அடைபட்டுவிடும்.

சாக்கெட் எஃப்டி = 0

எஃப்டி என்பது திறந்த சாக்கெட்டுக்கோ ஃபைலுக்கோ சிஸ்டம் தரும் எண். அதற்கு முதலில் -1 போடுங்கள். 0 என்பது ஸ்டாண்டர்ட் இன்புட், ப்ரோகிராம் உள்ளீடு வாங்கும் வழி. சாக்கெட் திறப்பதற்கு முன்பே ஏதோ தப்பாகி கிளீனப்புக்குத் தாவினால் நீங்கள் மூடுவது அதைத்தான்.

முகவரி நீளம்

பாக்கெட் வாங்கும் ரெக்வ்ஃப்ரம், இணைப்பை ஏற்கும் அக்செப்ட் இரண்டுக்கும் முகவரி நீளத்தை பாயின்டராகக் கொடுக்கிறோம். உள்ளே போகும்போது அது பஃபரின் அளவு, திரும்பி வரும்போது முகவரியின் அளவு. பாயின்டராகப் போவதால் கம்பைலர் பெரும்பாலும் எதுவும் சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். இதிலும் 0 போட்டால் பாக்கெட் ஒழுங்காக வரும், அனுப்பியவர் முகவரி மட்டும் எழுதப்படாது. பஃபரின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் போடுங்கள்.

ப்ராக்மா (கோடுக்குள்ளேயே கம்பைலருக்கு எழுதும் கட்டளை) போட்டு வார்னிங்கை மறைப்பது

வேண்டாம்.

ஓ0-வில் மட்டும் கம்பைல் செய்வது

ஓ0 என்றால் ஆப்டிமைசேஷன் (கோடை வேகமாக்க கம்பைலர் செய்யும் சீரமைப்பு) இல்லை. ஜிசிசியில் 'மதிப்பு வராமல் போகலாம்' என்கிற இந்த 'மேபி' வகை வார்னிங் அது இருந்தால்தான் வரும். ஆப்டிமைசேஷன் உள்ள ஓ2 போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.