வன்புணர்வுக்குப் பிறகு எச்.ஐ.வி. பரிசோதனை: விடக்கூடாத பிழைகள்

உங்களுக்கோ உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கோ அது நடந்து இன்னும் 3 நாள் ஆகவில்லையென்றால், இதில் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். இப்போதே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வெளிக்கிடுங்கள். இரவென்றாலும், ஞாயிறென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும். வாகனம் இல்லையென்றால் 1990 இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வாசலில் நிற்பவர்களிடம் கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை. "டொக்டரைத் தனியாய்ப் பார்க்க வேணும், அவசரம்" என்றால் போதும். டொக்டரிடம், "பாலியல் வன்முறை நடந்தது, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் குளிசை தொடங்க வேணும்" என்று நேரே கேளுங்கள்.

எங்கட சனம் விடுகிற பெரிய பிழை இந்த இடத்தில்தான். "எச்.ஐ.வி. இருக்கோ இல்லையோ எண்டு மூண்டு மாதத்துக்குப் பிறகுதானே தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது. பரிசோதனையைப் பற்றி அது ஓரளவு சரி. ஆனால் தடுப்பு மருந்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. வைரஸ் உடம்புக்குள் போன உடனே எல்லா இடமும் பரவுவதில்லை. போன இடத்தில் பெருகி, நிணநீர்க் கணுக்களுக்குப் போய் நிலைகொள்ளச் சிறிது காலம் எடுக்கும். அந்த இடைவெளியில் மருந்து இரத்தத்தில் இருந்தால் அது பெருகுவதைத் தடுக்கலாம். அதனால்தான் 72 மணித்தியால எல்லை. அது கடைசி எல்லை, 70 ஆவது மணித்தியாலம் வரை பொறுத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல் நாளே தொடங்குவது இரண்டாம் நாள் தொடங்குவதைவிட நல்லது. நெடுந்தீவில் இருப்பவர்களுக்குப் படகு நேரமும் இந்தக் கணக்குக்குள் வரும். விடியவிருக்கும் முதல் படகை விடவேண்டாம்.

அடுத்தது, யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் குடுத்து, "இல்லை" என்று வந்த துண்டோடு நிம்மதியாகிவிடுவது. மறுநாள் எடுக்கும் அந்தச் சோதனை, சம்பவத்துக்கு முன்னர் உங்களுக்குத் தொற்று இருந்ததா என்பதை மட்டுமே சொல்லும். நேற்று நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. முதல் சோதனை அவசியம்தான், ஆனால் அதன் முடிவுக்காக மருந்தைப் பிந்தவிடக்கூடாது. பிறகு 4 முதல் 6 கிழமைக்குள் ஒன்று, 12 கிழமையில் ஒன்று என்று திரும்பவும் பார்க்கவேண்டும். கடைசி முடிவு வரும்வரை இரத்ததானம் வேண்டாம். கணவனோ மனைவியோ இருந்தால் ஆணுறை பாவிக்கவேண்டும்.

செய்தவனைப் பிடித்து, அவனுக்குச் சோதனை செய்து, அதற்குப் பிறகு முடிவெடுப்போம் என்று நிற்கும் வீடுகளும் உண்டு. நிற்காதீர்கள். அவனுக்குப் புதிதாகத் தொற்றியிருந்தால் அவனுடைய சோதனையும் "இல்லை" என்றே காட்டலாம்.

பொலிஸில் முறைப்பாடு குடுத்தால்தான் வைத்தியம் செய்வார்கள் என்ற நம்பிக்கை எத்தனையோ பேரை வீட்டிலேயே மறித்து வைத்திருக்கிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் முறைப்பாடு நிபந்தனை இல்லை. வழக்குப் போடுவதா என்று ஆறுதலாக யோசிக்கலாம், மருந்துக்கு அந்த ஆறுதல் கிடையாது. ஆனாலும் பிற்பாடு வழக்குக்குப் போக மனம் வரலாம். ஆகவே முடிந்தால் குளிக்காமல் வாருங்கள். அன்று போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் பொலித்தீன் பையில் அல்லாமல் கடதாசிப் பையில் கொண்டுவாருங்கள். காயங்களையும் தடயங்களையும் பதிவுசெய்வது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, வாருங்கள். மருந்துக்கு அது ஒரு தடையே இல்லை.

தெரிந்த ஆள் கண்டுவிடும் என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு வார்ட்டில் சொந்தக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டுதான் இருப்பார். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரங்களை இரகசியமாக வைத்திருப்பது அங்குள்ளவர்களின் கடமை. அங்கே போக மனம் ஒப்பவேயில்லை என்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகலாம், உங்கள் மாவட்டத்தில்தான் காட்டவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தப் பயணமும் 72 மணித்தியாலத்துக்குள் அடங்கவேண்டும்.

குளிசை தொடங்கியவர்கள் விடும் பிழை, இடையில் நிறுத்துவது. மூன்று மருந்துகள் சேர்ந்த இந்தச் சிகிச்சை 28 நாள். முதல் கிழமையில் ஓங்காளம், தலையிடி, களைப்பு வரலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். தாங்கமுடியாவிட்டால் நீங்களாக விடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளும் நெஞ்செரிவுக்கான சில மருந்துகளும், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடிய டொலுடெகிராவிர் என்ற மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அவற்றைப் பாவிப்பவர்கள் எந்த நேர இடைவெளியில் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். கர்ப்பிணிகளும் பால் குடுக்கும் தாய்மாரும் அதைச் சொல்லவேண்டும், அதற்காக மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.

எச்.ஐ.வி. பயத்தில் மற்றவை மறந்துபோகின்றன. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசரக் குளிசையை எவ்வளவு வேளைக்கு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, ஐந்து நாளுக்குப் பிறகு அது உதவாது. தாயின் உயிரைக் காப்பாற்றவே அல்லாமல் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம்தராத நாட்டில் இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, சிபிலிஸ், கொனோரியா போன்ற பாலியல் நோய்கள் பற்றியும் அதே வருகையில் கேளுங்கள்.

ஆண்களுக்கும் பையன்களுக்கும் இது நடக்கிறது. "ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று மூடிமறைக்கிற வீட்டில் அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் நிற்கிறான். குதவழி வன்புணர்வில் தொற்றும் வாய்ப்பு யோனிவழியைவிடப் பல மடங்கு கூட. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929 இற்கும், பெண்கள் மகளிர் உதவி இலக்கமான 1938 இற்கும் அழைக்கலாம். பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவும் இருக்கிறது.

கூடப் போகும் அம்மாவோ அக்காவோ "ஏன் அங்க போனனீ, ஏன் கத்தேல்லை" என்று வழியில் விசாரிக்கவேண்டாம். தண்ணீர்ப் போத்தலும் மாற்றுடுப்பும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். டொக்டரிடம் பேசும்போது வெளியில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

72 மணித்தியாலம் கடந்துவிட்டவர்களும் வரவேண்டும். தடுப்புக் குளிசைக்குக் காலம் போயிருக்கலாம், பரிசோதனைக்குக் காலம் போகவில்லை. ஒரு தடவை நடந்ததால் கட்டாயம் தொற்றும் என்றில்லை, தொற்றாதவர்களே அதிகம். காயம் இருந்தால் அந்த வாய்ப்புக் கூடும், அதனால்தான் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். தொற்று இருப்பதாக முடிவு வந்தாலும் இலங்கையில் அதற்கான மருந்து இலவசம். ஒழுங்காகக் குளிசை எடுப்பவர்கள் வேலை செய்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று மற்றவர்களைப் போலவே நீண்டநாள் வாழ்கிறார்கள். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருக்கும்வரை உடலுறவின் மூலம் அது மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.